பேறுகாலத் தாய்மார்களும் தீவிர சிகிச்சையும்

(ஜமாஅத் மண்டபத்தில் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இத்தகைய கூட்டங்களில் சர்க்கரை நோயைப் பற்றியும் மாரடைப்பைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு, கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை அடுத்தும் உயிராபத்துக்கு உள்ளாகும் பெண்களுக்கான தீவிர சிகிச்சையைப் பற்றிப் பேசுமாறு மகளிர் பிரிவினர் கேட்டுக்கொண்டதாகச் செயலாளர் அவர்கள் தெரிவித்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எங்களுக்கு இது மிகுந்த மகிழ்ச்சியை அளித்தது. தலைப்பை அறிவித்தவுடன் முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் சிலர், இது பெண்கள் சமாச்சாரம் என்று எழ முனைந்ததைக் கண்டோம். தயவுகூர்ந்து அமருங்கள். எங்கள் பிரிவின் கதவுக்கு வெளியே நின்று, கையெழுத்திடுவதா வேண்டாமா, பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதா காலை வரை பொறுப்பதா என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தாம். ஆகவே இவ்வுரை உங்களுக்கும் உரியது.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறோம். 2001-03 ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தனர். நாடு முழுவதற்குமான எண்ணிக்கை 301 ஆக இருந்தது. 2018-20 கணக்கின்படி தமிழ்நாட்டின் எண்ணிக்கை 54. இந்தியாவின் எண்ணிக்கை 97. வீட்டுப் பிரசவம் ஏறத்தாழ ஒழிந்தது, இருபத்து நான்கு மணி நேரமும் அறுவைச் சிகிச்சையும் இரத்தமும் கிடைக்கும் ‘சீமாங்’ மையங்கள் அரசு மருத்துவமனைகளில் அமைந்தது, 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது, இறந்துபோன ஒவ்வொரு தாயின் மரணத்தையும் ஏன் நேர்ந்தது என்று உட்கார்ந்து விசாரிக்கும் வழக்கம் இங்கு வேரூன்றியது ஆகிய யாவும் சேர்ந்தே இம்மாற்றத்தைக் கொண்டுவந்தன. எனினும் உலக அளவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்துள்ளனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஒரு நாளைக்கு எழுநூறு பேருக்கும் அதிகம். அவர்களில் மிகப் பெரும்பான்மையோரின் மரணம் தடுக்கக்கூடிய மரணமே.

தீவிர சிகிச்சைப் பிரிவு என்றதும் நம் மக்கள் மனத்தில் எழும் எண்ணம் யாதெனில், ‘அங்கே போனால் முடிந்தது’ என்பதாகும். குழாய் பொருத்தினால் திரும்ப மாட்டார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. முதுமையும் நாட்பட்ட நோயும் சேர்ந்து வருபவர்களைப் பொறுத்தவரை அவ்வச்சத்திற்குச் சிறிது காரணம் இருக்கலாம். பேறுகாலப் பெண்களைப் பொறுத்தவரை அது முற்றிலும் பொருந்தாது. அவர்கள் இளம் வயதினர். அவர்களின் இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் பெரும்பாலும் நேற்று வரை நல்ல நிலையில் இருந்தவை. வந்திருக்கும் ஆபத்து திடீரென வந்தது. சில மணி நேரமோ சில நாட்களோ உடலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டால், பெரும்பாலோர் எழுந்து நடந்து வீடு திரும்புகிறார்கள். எங்கள் பிரிவிலிருந்து சிரித்த முகத்துடன் வெளியேறுவோரில் இவர்களே முதலிடம் பெறுவர்.

வெண்டிலேட்டர் என்பது நோயைக் குணப்படுத்தும் இயந்திரமன்று. நோய் குணமாகும் வரை மூச்சைத் தாங்கும் இயந்திரமாகும். இத்துறை பிறந்த கதையே இதற்குச் சான்று. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளின் தொண்டையில் குழாய் பொருத்தி, கையால் பையை அமுக்கிக் காற்றைச் செலுத்தலாம் என்று மயக்கவியல் மருத்துவர் இப்சென் காட்டினார். நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் அப்பையை அமுக்கினார்கள். இறப்பு பெருமளவு குறைந்தது. அம்மாணவர்களின் கைகள் செய்த வேலையையே இன்று இயந்திரம் செய்கிறது. அதனருகே ஒரு செவிலியர் கண் இமைக்காமல் நிற்பது அன்றும் இன்றும் மாறவில்லை. சாதாரண வார்டில் ஒரு செவிலியர் பல நோயாளிகளைக் கவனிப்பார். இங்கே ஒருவரையோ இருவரையோதான் கவனிப்பார். தீவிர சிகிச்சையின் உயிர்நாடி அதுவே. பளபளக்கும் கருவிகளைக் காட்டிக் கட்டணம் கேட்கும் இடங்களில், இரவில் எத்தனை செவிலியர் இருப்பார்கள் என்று நீங்கள் கேட்பது தவறாகாது.

வார்டுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் நடுவில் ‘உயர் கவனிப்புப் பிரிவு’ என்று ஒன்றும் உண்டு. வெண்டிலேட்டர் தேவைப்படாத, ஆனால் மணிக்கு மணி கவனிக்கப்பட வேண்டிய தாய்மார்கள் அங்கே வைக்கப்படுவர். இவ்விரண்டையும் மகப்பேறு மருத்துவத்திற்கென்றே தனியாக அமைப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் வெளியிட்டது. தனியாக எதற்கு என்று கேட்கலாம். கர்ப்பிணியின் உடல் வேறு உடல். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கர்ப்ப காலத்தில் பெண்ணின் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. இதயம் அதற்கேற்பக் கூடுதலாக உழைக்கிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு மட்டும் நிமிடத்திற்கு 500 முதல் 700 மில்லி லிட்டர் இரத்தம் பாய்கிறது. வளர்ந்த கருப்பை மேலே தள்ளுவதால் நுரையீரலில் சேமிப்பாக நிற்கும் காற்று குறைகிறது. குழந்தைக்கும் சேர்த்து உயிர்வளி செலவாகிறது. ஆகவே மூச்சு தடைப்பட்டால் மற்றவர்களைவிட வெகு விரைவில் அவள் உடல் நீலம் பாய்ந்துவிடும். மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய சிரையை அழுத்தி, இதயத்திற்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுக்கும். மயங்கி விழுந்த கர்ப்பிணியை நிமிர்த்திப் போட்டு விசிறுவது நம் வழக்கம். இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைப்பதே சரியாகும். ஆம்புலன்ஸிலும் அப்படியே. இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு போனாலும் எங்கள் வருகை வீணாகவில்லை என்று கொள்வோம்.

இரத்தப்போக்கு

பிரசவத்திற்குப் பின் ஏற்படும் மிகை இரத்தப்போக்கே உலகெங்கும் தாய்மார்களைப் பலிகொள்ளும் காரணங்களில் முதன்மையானது. கூடுதலாகச் சேர்ந்திருக்கும் இரத்தம் இவ்விடத்தில் ஒரு பாதுகாப்பு. அதுவே ஓர் ஏமாற்றும்கூட. ஒரு லிட்டர் இரத்தம் போன பின்னும் சில பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். இரத்த அழுத்தக் கருவி சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். நாடி மட்டும் மெல்ல மெல்ல ஏறும். அழுத்தம் சரியத் தொடங்கும்போது, உடல் தன் கடைசிச் சேமிப்பையும் செலவழித்துவிட்டது என்று பொருள். ஆகவே நாங்கள் அழுத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. நாடித் துடிப்பின் எண்ணை மேல் அழுத்தத்தின் எண்ணால் வகுத்துப் பார்க்கிறோம். அது 0.9ஐத் தாண்டினால், தாய் தெளிவாகப் பேசினாலும் நாங்கள் ஓடத் தொடங்கிவிடுகிறோம். இதில் மற்றொரு கருத்தும் உண்டு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, அதாவது 52 விழுக்காட்டினருக்கு, இரத்தசோகை உள்ளது. நல்ல இரத்தம் உள்ளவள் தாங்கும் இழப்பை இவர்களால் தாங்க இயலாது. இரும்புச்சத்து மாத்திரை தின்றால் குழந்தை கறுத்துப் பிறக்கும் என்று சொல்லி அதைத் தூக்கியெறியச் செய்யும் மாமியார்கள் இன்றும் இருக்கிறார்கள். அதில் அணுவளவும் உண்மையில்லை.

போன இரத்தத்தின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவது பெரும்பாலும் தவறிப்போகும். உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிடுவோம். எனவே அளவுக்கோடுகள் இட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் கீழே விரித்து, வடியும் இரத்தத்தை அளந்தறியும் முறை வந்துள்ளது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இம்முறையைச் சோதித்தார்கள். இரத்தத்தை அளப்பது, கருப்பையைப் பிசைவது, ஆக்சிடோசின் கொடுப்பது, டிரானெக்சாமிக் அமிலம் கொடுப்பது, சிரை வழித் திரவம் ஏற்றுவது, காரணத்தைத் தேடுவது ஆகிய அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் ஒருசேரச் செய்தபோது, கடும் இரத்தப்போக்கும் அதன் கேடுகளும் 60 விழுக்காடு குறைந்தன. முடிவுகள் 2023இல் வெளியாயின. இதில் புதிய மருந்து ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பழைய மருந்துகளே, நேரத்தில் சென்றன. 2025இல் உலக சுகாதார நிறுவனம், 500 மில்லி லிட்டர் வரை காத்திராமல், நாடியோ அழுத்தமோ மாறியிருந்தால் 300 மில்லி லிட்டரிலேயே சிகிச்சையைத் தொடங்குமாறு நெறிமுறையைத் திருத்தியது.

டிரானெக்சாமிக் அமிலத்தைப் பற்றியும் ஒரு சொல். 21 நாடுகளில் இருபதாயிரம் பெண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு, பிரசவமான மூன்று மணி நேரத்திற்குள் இம்மருந்தைக் கொடுத்தால் இரத்தப்போக்கால் நேரும் மரணம் குறைகிறது என்று நிறுவியது. மூன்று மணி கடந்தபின் அப்பயன் கிடைக்கவில்லை. ‘காலை வரை பார்ப்போம்’ என்ற நம் குடும்பச் சொல்லுக்கு மருத்துவக் கணக்கில் என்ன விலை என்பது இதிலிருந்து விளங்கும்.

இவ்வளவும் செய்து நிற்காதபோதே எங்களிடம் கொண்டுவருகிறார்கள். அப்பொழுது இரத்தத்தின் உறையும் தன்மையே கெட்டுப்போயிருக்கும். ஊசி குத்திய இடத்திலெல்லாம் கசியும். சிவப்பணுக்களை மட்டும் ஏற்றிப் பயனில்லை. பிளாஸ்மாவும் தட்டணுக்களும் ஏற்ற வேண்டும். பிளாஸ்மா உறைநிலையில் இருப்பது. அதை உருக்கவே அரைமணி ஆகும். உடலைச் சூடாக வைத்திருக்க வேண்டும், கால்சியம் கொடுக்க வேண்டும், சிறுநீர் மணிக்கு எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். சிலருக்குக் கருப்பையையே அகற்றும் முடிவை எடுக்க நேரும். அம்முடிவு மருத்துவருக்கும் எளிதானதன்று. அதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு பத்து நிமிடமும் தாயின் கணக்கிலிருந்தே கழிகிறது.

‘ஜன்னி’

நம் முதியவர்கள் ‘பிரசவ ஜன்னி கண்டு போய்விட்டாள்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்கள் ஒளிந்திருந்தன. ஒன்று, இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு வருவது. மற்றொன்று, கருப்பையில் கிருமி புகுந்து, காய்ச்சல் மூளைக்கு ஏறிப் பிதற்றுவது. இரண்டிற்கும் அன்று மந்திரிப்பும் கஷாயமுமே கிடைத்தன. இரண்டிற்கும் இன்று மருந்து உண்டு.

வலிப்பைப் பற்றி: இருபது வாரத்திற்குப் பின் அழுத்தம் கூடி, சிறுநீரில் புரதம் இறங்கி, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை வந்தால் வலிப்பு நெருங்குகிறது என்று கொள்ள வேண்டும். மேல்வயிற்று வலியை வாயு என்று கருதி ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பதை அடிக்கடி கேள்விப்படுகிறோம். அது கல்லீரல் வீங்குவதால் வரும் வலியாக இருக்கலாம். அழுத்தம் 160க்கு 110 என்ற அளவை எட்டினால் அது அவசர நிலை. மூளையில் இரத்தக் குழாய் வெடிக்கக்கூடும்.

இதற்கான மருந்து மெக்னீசியம் சல்ஃபேட். மிக மலிவான பொருள். 33 நாடுகளில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு, இம்மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கிறது என்று காட்டியது. அளவு மிகுந்தால் மூச்சை நிறுத்திவிடும் மருந்தும் அதுவே. ஆகவேதான் எங்கள் செவிலியர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளினால் மருந்தின் அளவு பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கிறது என்று பொருள். அத்துடன் மூச்சை எண்ணுவார், சிறுநீரை அளப்பார். மாற்று மருந்தான கால்சியம் குளூக்கோனேட் ஊசி படுக்கையருகே தயாராக இருக்கும். ‘விளையாட்டுப் போல் முழங்காலில் தட்டிக்கொண்டிருக்கிறார்களே தவிர வைத்தியம் பார்க்கவில்லை’ என்று வெளியே ஓர் உறவினர் கோபப்பட்டதுண்டு. அவர் மேல் எங்களுக்கு வருத்தமில்லை, சொல்லியிருந்தால்தானே தெரியும்? அதனால் இங்கே சொல்கிறோம்.

முழுமையான சிகிச்சை பிரசவமேயாகும். எனினும் பிரசவமானவுடன் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. பிரசவமான மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில் அழுத்தம் மீண்டும் ஏறக்கூடும். சரியாக அந்நாட்களில்தான் நாம் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்து வந்து, விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருக்கிறோம். மருத்துவக் கணக்கில், பிரசவத்திற்குப் பின் 42 நாட்கள் வரை நேரும் இறப்பைத் தாய் இறப்பு என்று கொள்வார்கள். நம் வீடுகளில் பெண்ணை வெளியே அனுப்பாமல் காக்கும் நாற்பது நாளும் ஏறத்தாழ அதுவே. முன்னோர் ஏதோ கண்டுதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நாற்பது நாள் பெண்ணை மருத்துவரிடமிருந்து மறைக்கும் திரையாக மாறிவிடக் கூடாது. பச்சை உடம்புக்காரிக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் பால் கட்டியதால் வந்தது என்பார்கள். பெரும்பாலும் அவ்வாறே இருக்கலாம். காய்ச்சலோடு நாடி வேகமும், மூச்சிரைப்பும், துர்நாற்றமும், சிறுநீர்க் குறைவும், பேச்சில் தடுமாற்றமும் சேர்ந்தால் அது கிருமி இரத்தத்தில் கலந்ததன் அடையாளம். முதல் ஒரு மணி நேரத்திற்குள் தகுந்த கிருமிக்கொல்லி மருந்து உடலில் ஏற வேண்டும். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று அந்நாட்களில் தண்ணீரை நிறுத்தி வைக்கும் பழக்கத்தையும் தாய்மார்கள் கைவிட வேண்டும்.

இதய நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சிறுவயதில் மூட்டுக் காய்ச்சலால் பழுதடைந்த இதய வால்வு, அதுவரை ஒன்றும் தெரியாமல் இருந்து, கர்ப்ப காலத்தில் முதன்முதலாக வெளிப்படுவதுண்டு. இதயமே நல்ல நிலையில் இருந்து, கடைசி மாதத்திலோ பிரசவமான ஐந்து மாதத்திற்குள்ளோ தளர்ந்துபோவதும் உண்டு. படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை வைத்து உட்கார்ந்தே தூங்குகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் அதைக் கர்ப்பச் சோர்வு என்று தள்ளாதீர்கள். 2009இல் பன்றிக்காய்ச்சலும் 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையும் கர்ப்பிணிகளின் நுரையீரலை எவ்வளவு கடுமையாகத் தாக்கின என்பதை நாம் அனைவரும் கண்டோம்.

தாயா, பிள்ளையா?

எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. திரைப்படங்கள் கற்றுத்தந்த கேள்வி. உண்மையில் இப்படியொரு தராசு எங்கள் முன் மிக அரிதாகவே வைக்கப்படுகிறது. வயிற்றுப் பிள்ளைக்குச் செய்யக்கூடிய முதல் சிகிச்சை தாயின் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் சீராக வைப்பதே. ஆகையால்தான் கர்ப்பிணியின் உயிர்வளி அளவை 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் காக்க முயல்கிறோம். தாய்க்குத் தேவையான எக்ஸ்ரேயை, பிள்ளைக்குக் கெடுதி என்று அஞ்சி மறுக்க வேண்டாம். நெஞ்சு எக்ஸ்ரேயினால் கருவைச் சேரும் கதிர்வீச்சு மிக மிகச் சொற்பம். தாயின் இதயம் நின்றுபோகும் கொடிய வேளையிலும் இதே விதிதான். கருப்பை தொப்புள் அளவுக்கு வளர்ந்திருந்தால், நெஞ்சை அழுத்திக்கொண்டே, ஐந்து நிமிடத்திற்குள் பிள்ளையை வெளியே எடுக்க முனைகிறோம். பிள்ளையைக் காப்பாற்றத் தாயைக் கைவிட்டுவிட்டார்கள் என்று பார்ப்பவர்க்குத் தோன்றும். கருப்பையின் பாரம் நீங்கினால்தான் தாயின் இதயத்திற்கு இரத்தம் திரும்பும் என்பதே அதன் முதற்காரணம்.

இனி, உங்களிடம் நேராகப் பேச வேண்டிய இடத்திற்கு வருகிறோம். தாய் இறப்புகளுக்குக் காரணமான தாமதங்கள் மூன்று என்று தாடியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் வகுத்தார்கள். முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மூன்றாவது தாமதம் எங்கள் பொறுப்பு. அதில் மருத்துவமனைகள் இன்னும் எவ்வளவோ திருந்த வேண்டியுள்ளது. இரண்டாவதைச் சாலைகளும் 108 வண்டியும் வெகுவாகக் குறைத்துள்ளன. முதலாவது, நம் வீட்டுக் கூடத்தில் நிகழ்வது.

நம் ஊரின் பல வீடுகளில் கணவர் வளைகுடா நாட்டில் இருப்பார். அவருக்கு அலுவல் நேரம். தொலைபேசி எடுக்க மாட்டார். அவருடைய வாப்பா, ‘அவனைக் கேட்காமல் நான் எப்படிக் கையெழுத்திடுவது?’ என்று தயங்குவார். பெண்ணின் வாப்பா, ‘சம்பந்தி வீட்டார் சொல்லட்டும்’ என்று ஒதுங்கி நிற்பார். உள்ளே இருப்பவளை ஒருவரும் கேட்பதில்லை. சட்டம் என்ன சொல்கிறது? வயது வந்த, சுயநினைவுள்ள பெண்ணின் சிகிச்சைக்குத் தேவைப்படும் சம்மதம் அவளுடைய சம்மதமே என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாக்கியது. அவள் நினைவிழந்து உயிராபத்தில் இருந்தால், யாருடைய கையெழுத்துக்காகவும் மருத்துவர் காத்திருக்க வேண்டியதில்லை. அவசர நிலையில் வருபவருக்கு உயிர்காக்கும் சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவர்க்கும் கடமை என்று 1989இலேயே அந்நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. சட்டம் இருந்தும், வெளியே நிற்கும் கூட்டத்தைக் கண்டு மருத்துவர்கள் தயங்குவது நடைமுறை உண்மை. ஆகவே எட்டாம் மாதத்திலேயே கணவன், மனைவி, இரு வீட்டார் கலந்து பேசி, ‘இவர் அருகில் இல்லாவிட்டால் இன்னார் உடனே முடிவெடுக்கலாம்’ என்று ஒருவரைக் குறித்து வையுங்கள். அந்த ஒருவர் பெண்ணின் உம்மாவாக இருப்பதில் எந்தத் தடையும் இல்லை.

அடுத்தது, பெண் மருத்துவர்தான் வேண்டும் என்ற வேண்டுகோள். அதை நாங்கள் மதிக்கிறோம். இயன்றபோதெல்லாம் அவ்வாறே செய்கிறோம். ஆண் மருத்துவர் சிகிச்சையளிக்கும்போது பெண் செவிலியர் உடனிருப்பதும் உடலைப் போர்த்தி வைப்பதும் எங்கள் முறை. ஆனால் நள்ளிரவில் மூச்சுக்குழாய் பொருத்தத் தெரிந்தவர் ஓர் ஆணாக இருந்தால், அவரைக் கதவருகில் நிறுத்திவைக்க நேரமில்லை. நிர்ப்பந்த நிலையின் மார்க்கச் சட்டத்தை விளக்குவது எங்கள் வேலையன்று; ஹஜ்ரத் அவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஜும்ஆ பயான் ஒன்றில் இதை விளக்கிச் சொன்னால் எங்கள் பணி மிகவும் எளிதாகும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இரத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நிர்வாகத்தினர் பொறுத்தருள்க. இளைஞர்களின் இரத்தப் பிரிவுப் பட்டியலை ஜமாஅத் அலுவலகத்தில் வைத்திருப்பது பாராட்டுக்குரியது. இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் பத்துப் பேர் ஓடி வருவார்கள் என்பதை நாங்களும் அறிவோம். எனினும் அந்நேரம் நீங்கள் கொடுக்கும் இரத்தத்தை அந்நேரமே ஏற்ற முடியாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதிக்க வேண்டும். பகுதிப் பொருள்களாகப் பிரிக்க வேண்டும். அந்த இரவில் அத்தாயைக் காப்பது, போன வாரம் யாரோ முகம் தெரியாதவர் கொடுத்து, வங்கியின் குளிர்பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் இரத்தமே. தட்டணுக்கள் ஐந்து நாட்களே தாங்கும். ஆண்டுக்கு ஒருமுறை பெரிய முகாம் நடத்திப் புகைப்படம் எடுப்பதைவிட, மூன்று மாதத்திற்கு ஒருமுறை சிறு குழுவாகச் சென்று கொடுத்து வருவது பன்மடங்கு பயனுள்ளது. பதினெட்டு வயது நிறைந்து, 45 கிலோ எடைக்குக் குறையாத, உடல்நலமுள்ள ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ‘நெகட்டிவ்’ பிரிவினரின் பெயர்களை மட்டும் தனிப்பட்டியலாக இரத்த வங்கியிடமே கொடுத்து வையுங்கள்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதில் கௌரவம் பார்ப்பதும் உண்டு. தனியார் இடத்தில் நிலைமை முற்றியபின், கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் தாய்மார்கள் பலர். மகப்பேறு மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், இரத்த வங்கி, தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தைப் பிரிவு ஆகிய ஐந்தும் ஒரே வளாகத்தில், நள்ளிரவிலும் இயங்கும் இடம் எது என்று கேளுங்கள். பல மாவட்டங்களில் அதற்கு விடை அரசு மருத்துவமனையாகவே இருக்கும். இரத்த அழுத்தம், இரட்டைக் கரு, முந்தைய அறுவைச் சிகிச்சை, நஞ்சுக்கொடி கீழே அமைந்திருத்தல், இதயக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், வலி வந்தபின் அன்று, அதற்கு முன்னரே அங்கே பெயரைப் பதிவு செய்துகொள்வது நலம்.

பிழைத்து வீடு திரும்பியவளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மரணத்தின் விளிம்பைத் தொட்டு மீண்டவளுக்குச் சில மாதங்கள் தூக்கம் வராது. இயந்திரத்தின் ஒலி காதில் கேட்டுக்கொண்டிருக்கும். கை கால் வலுவிழந்திருக்கும். பிறந்த பிள்ளையின் முதல் வாரத்தைப் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் இருக்கும். ‘அதான் பிழைத்துவிட்டாயே, இன்னும் என்ன அழுகை’ என்று கேட்காதீர்கள். அழுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்கள் ஆறு வாரத்தில் மறுபரிசோதனைக்கு வர வேண்டும். பின்னாளில் இரத்தக்கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். அடுத்த கர்ப்பம் தரித்தால் பன்னிரண்டாம் வாரத்திற்குள் மருத்துவரிடம் பழைய கதையைச் சொல்ல வேண்டும். குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவதா என்பதை அவர் முடிவு செய்வார். இதயம் தளர்ந்து மீண்டவர்கள், இதய மருத்துவரின் ஒப்புதல் இன்றி அடுத்த பிள்ளையைப் பற்றி எண்ணவே கூடாது.

மகளிர் பகுதியிலிருந்து ஒரு தாயார் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்கள்: ‘வெண்டிலேட்டரில் இருந்தவளுக்குப் பால் வற்றிவிடுமா? மருந்து கலந்த பாலைக் கொடுக்கலாமா?’ நல்ல கேள்வி. வெண்டிலேட்டரால் பால் வற்றாது. சுரந்த பாலை வெளியேற்றாமல் விடுவதால்தான் வற்றும். தாய் மயக்கத்தில் இருந்தாலும், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை செவிலியரோ பெண் உறவினரோ பாலைப் பீய்ச்சி எடுக்கலாம். நாங்கள் கொடுக்கும் பெரும்பாலான மருந்துகள், மெக்னீசியம் உட்பட, தாய்ப்பாலுக்குத் தடையல்ல. விலக்கானவை இருந்தால் சொல்லிவிடுவோம். ஆனால் கடும் இரத்தப்போக்கிலிருந்து மீண்ட பெண்ணுக்குப் பாலே ஊறாமல் போனால், அதைக் குறையாகப் பேசாமல் எங்களிடம் சொல்லுங்கள். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி இரத்தமின்றிச் சேதமடைந்ததன் முதல் அடையாளமாக அது இருக்கலாம். ஷீஹன் என்ற மருத்துவர் 1937இல் இதை விரிவாக விளக்கினார். ஓயாத அசதி, குளிர் தாங்காமை, மாதவிடாய் திரும்பாமை ஆகியவை பின்னர் ஆண்டுக்கணக்கில் தொடரும். பலர் அதைச் சோம்பல் என்று ஏச்சு வாங்கிக்கொண்டே காலம் தள்ளுவார்கள். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். குறைந்துபோன சுரப்புகளுக்கு ஈடாக, ஸ்டீராய்டும் அதன்பின் தைராய்டு மாத்திரையும் நாள்தோறும் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே நடமாடலாம். அச்சீட்டை எழுதிய தாயார், கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணின் மருத்துவக் கோப்புடன் எங்களை வந்து பார்க்கவும்.